பெரிஞ்சியா: அமெரிக்க முதற்குடிகள் வந்த வழி

ஸ்பெயின் நாட்டின் செவீல் நகரில் 1590ஆம் ஆண்டு ஒரு நூல் அச்சேறியது. அதனை எழுதியவர் ஹோசே தே அகோஸ்தா என்னும் இயேசு சபைக் குரு. பெரு நாட்டில் பல்லாண்டுகள் பணிபுரிந்து தாயகம் திரும்பிய அவர், அமெரிக்க நாடுகளின் இயற்கையையும் அங்கு வாழ்ந்த மக்களின் வரலாற்றையும் அந்நூலில் விரிவாக வரைந்தார். நூலின் முற்பகுதியில் அவர் ஒரு வினாவை எழுப்புகிறார். பெருங்கடல்களுக்கு அப்பால், பழைய உலகம் அறியாதிருந்த அக்கண்டத்துக்கு மனிதர் எவ்வாறு போய்ச் சேர்ந்தனர்?

அவர் விடை தேடிய முறை இறையியல் மாணவர் கவனிக்கத்தக்கது. மானிடர் அனைவரும் ஆதாமின் வழித்தோன்றல்கள் என்பதும், வெள்ளத்துக்குப்பின் விலங்குகள் யாவும் பேழையிலிருந்தே பரவின என்பதும் அவர் ஐயுறாத உண்மைகள். ஆகவே அமெரிக்க மக்களும் பழைய உலகிலிருந்து ஏதோ ஒரு வழியாக வந்திருத்தல் வேண்டும். கடல் வழியோ? காந்த ஊசியை அறியாத பண்டை மக்கள் பெருங்கடலைத் திட்டமிட்டுக் கடந்திருத்தல் அரிது. புயலால் ஒதுக்கப்பட்டிருப்பர் எனின், மனிதருக்கு அது பொருந்தினும் விலங்குகளுக்குப் பொருந்தாது. ஓநாயையும் நரியையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகிறவன் யார்? ஆதலின் இவ்விரு உலகங்களும் எங்கோ ஓரிடத்தில் தரையால் இணைந்தோ, அன்றேல் மிக நெருங்கியோ இருக்கவேண்டும் என்று அவர் முடிவு செய்தார். ஆசியாவின் வடகிழக்கு முனையைச் சுற்றி ருஷ்யரான செம்யோன் தெஷ்னியோவ் கலம் செலுத்தியது 1648இல். விட்டஸ் பேரிங் அந்நீரிணை வழியே சென்றது 1728இல். ஐரோப்பியர் எவரும் கண்டிராத ஓரிடத்தை ஓநாயையும் நரியையும் கொண்டு ஊகித்த அகோஸ்தாவின் கூற்று பெரும்பாலும் சரியே என்பதை இன்றைய ஆய்வு காட்டுகிறது.

இவ்வினா வெறும் அறிவு வேட்கையால் எழுந்ததன்று. செவ்விந்தியர் என்று நம் பாடநூல்கள் நெடுங்காலம் அழைத்து வந்த அமெரிக்க முதற்குடிகள் மெய்யான மனிதர்தாமா என்பதே பதினாறாம் நூற்றாண்டில் விவாதப் பொருளாய் இருந்தது. அவர்கள் மெய்யான மனிதரே என்றும், அவர்தம் விடுதலையையும் உடைமையையும் பறித்தல் ஆகாது என்றும் 1537இல் போப்பு மூன்றாம் பவுல் ஆணை விடுக்க நேர்ந்தது. 1655இல் ஐசக் லா பெய்ரேர் என்னும் பிரெஞ்சுக்காரர், ஆதாமுக்கு முன்னரே மனிதர் இருந்தனர் என்றும், தொலைநாட்டு மக்கள் பலர் அவர்கள் வழியினர் என்றும் எழுதினார். இஸ்ரவேலின் காணாமற்போன பத்துக் கோத்திரத்தாரே இம்மக்கள் என்று கூறியோரும் பலர். அமெரிக்க வேதாகமச் சங்கத்தின் முதல் தலைவரான எலியாஸ் புடினாட் 1816இல் இக்கருத்தை வலியுறுத்தி ஒரு நூலே வெளியிட்டார். அவர் நல்லெண்ணம் படைத்தவர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இக்கொள்கை அம்மக்களுக்கெனச் சொந்த வரலாறு ஒன்று இருக்கக்கூடும் என்பதையே எண்ணிப் பாராதது. (அகோஸ்தா இதனை அன்றே மறுத்துவிட்டார்.) 1839இல் சாமுவேல் மார்ட்டன் என்னும் மருத்துவர் மண்டையோடுகளை அளந்து, மானிட இனங்கள் தனித்தனியே தோன்றியவை என்னும் கொள்கைக்குத் துணைநின்றார். அடிமை வாணிகத்தை ஆதரித்தோர்க்கு அது எவ்வளவு உவப்பாயிருந்திருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

ஆகவே அம்மக்கள் வந்த வழியைக் கேட்போர் யாவரும், தெரிந்தோ தெரியாமலோ, அவர்கள் யாருக்கு உறவினர் என்றும் கேட்கின்றனர். இக்கட்டுரை இரண்டையும் சேர்த்தே நோக்குகிறது.

தரையாய் இருந்த கடல்

பேரிங் நீரிணையின் குறுகிய பகுதி ஏறத்தாழ 85 கிலோமீட்டர் அகலமுடையது. அதன் நடுவே தியோமீது என்னும் இரு தீவுகள் உள்ளன. ஒன்று ருஷ்யாவுக்கும் மற்றது அமெரிக்காவுக்கும் உரியது. இரண்டுக்கும் இடையே 4 கிலோமீட்டர் தூரம்கூட இல்லை. நீரிணையின் ஆழமோ மிகக் குறைவு. பெரும்பகுதி 50 மீட்டருக்கு மேற்படாது.

இவ்வாழத்தை நினைவிற்கொண்டு பனியுகத்தை நோக்குவோம். அதன் கடுமை உச்சத்தில் இருந்த காலம் இன்றைக்குச் சுமார் 26,000 முதல் 19,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது. கடலிலிருந்து ஆவியாகிய நீர் வடபுலத்தில் பனியாகப் பெய்து, உருகிக் கடலுக்குத் திரும்பாமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து இறுகியது. கனடா நாட்டின் பெரும்பகுதியை மூடியிருந்த பனிப்பாளம் சில இடங்களில் 3 கிலோமீட்டர் தடிப்புடையதாய் இருந்தது. அவ்வளவு நீரும் கடலுக்கு இழப்பே. உலகெங்கும் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைக் காட்டிலும் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்தது. இலங்கை நம் கரையோடு தரையால் இணைந்திருந்ததும் இக்காரணத்தினாலேயே. பாக்கு நீரிணையும் ஆழமற்றதன்றோ? அவ்வாறே பேரிங் நீரிணையும் அதன் இருபுறத்துக் கடல்களின் பெரும்பகுதியும் வறண்ட நிலமாயின.

இந்நிலத்தைப் 'பாலம்' என்று கூறுவது வழக்கமாகிவிட்டது. இச்சொல் நம்மைத் தவறான வழியில் இட்டுச்செல்கிறது. பாலம் என்றவுடன் ஒடுங்கிய ஒரு பாதையும், அதன்மீது விரைந்து கடக்கும் மக்கள் கூட்டமுமே மனக்கண்முன் தோன்றும். உண்மையிலோ அது வடக்குத் தெற்காக 1,600 கிலோமீட்டர் அகன்று கிடந்த ஒரு நாடு. 1937இல் எரிக் ஹுல்தேன் என்னும் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலார், நீரிணையின் இருபுறமும் ஒரே வகைச் செடிகள் வளர்வதைக் கண்டு, மூழ்கிப்போன அந்நாட்டுக்குப் பெரிஞ்சியா என்று பெயரிட்டார். அகோஸ்தா விலங்குகளைக் கொண்டு கண்டதை இவர் செடிகளைக் கொண்டு கண்டார் எனலாம்.

வியப்பு யாதெனில், வடதுருவத்தை அடுத்த அந்நாட்டின் பெரும்பகுதியில் பனிப்பாளம் இல்லை. குளிர் இருந்தது, ஆனால் ஈரம் இல்லை. பனி பெய்து குவிவதற்குப் போதிய நீராவி அங்கு வந்து சேரவில்லை. எனவே அங்கே புல்வெளிகளும் சிறு புதர்களும் பரவியிருந்தன. மாமதமும் காட்டெருமையும் குதிரையும் மேய்ந்தன. ஆனால் கிழக்கே அலாஸ்காவைத் தாண்டியவுடன் இரு பெரும் பனிப்பாளங்கள் ஒன்றோடொன்று இணைந்து, மதில்போல் நின்று, தென்திசையை அடைத்துவிட்டன. கடல் நீரைப் பனியாய் இறுக்கி மேற்கு வாயிலைத் திறந்த அதே குளிர், அப்பனியைக் கொண்டே கிழக்கு வாயிலைப் பூட்டியது. அமெரிக்கக் குடியேற்றத்தின் வரலாறு முழுவதும் இந்த ஒரு முரண்பாட்டைச் சுற்றியே அமைந்துள்ளது.

ஊசியும் நெருப்பும்

மனித இனம் ஆப்பிரிக்காவில் தோன்றியது. இன்று ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் மக்களின் முன்னோருள் மிகப் பெரும்பாலோர் ஏறத்தாழ 60,000 முதல் 50,000 ஆண்டுகளுக்கு முன்னர் அங்கிருந்து புறப்பட்டோரே. வெப்பநாட்டுக்கென அமைந்த உடலோடு வடதுருவ வட்டத்தைக் கடந்து வாழ்வது எவ்வாறு இயன்றது?

சைபீரியாவின் வடகிழக்கே யானா ஆற்றங்கரையில், வடஅட்சம் 71 பாகையில், விளாதிமீர் பிதுல்கோ என்பவரின் குழுவினர் அகழ்ந்தெடுத்த ஒரு குடியிருப்பு இதற்கு விடை தருகிறது. 2004இல் அச்செய்தி வெளியானபோது ஆய்வுலகம் திகைத்தது. ஏனெனில் அக்குடியிருப்பு ஏறத்தாழ 32,000 ஆண்டுகள் பழமையானது. பனியுகத்தின் உச்சத்துக்கும் முந்தியது. அங்கே காண்டாமிருகக் கொம்பாலான ஈட்டித் தண்டுகளும், தந்தத்தாற் செய்த மணிகளும், எலும்பு ஊசிகளும் கிடைத்தன. நம் நூல்கள் ஈட்டியையே படம்போட்டுக் காட்டுகின்றன. என் கருத்தில் ஊசியே பெரியது. தோலைப் போர்த்திக்கொண்டால் மட்டும் அக்குளிரில் உயிர்தப்ப இயலாது. காற்றுப் புகாவண்ணம் உடலோடு பொருந்தத் தைத்த உடை வேண்டும். அவ்வூசியைக் கொண்டு தைத்தவர் தம் கூட்டத்தார் அனைவரையும் காத்தார்.

யானாவில் இரு பால்பற்களும் கிடைத்தன. அவற்றின் மரபணுக்களை ஆராய்ந்த முடிவுகள் 2019இல் வெளிவந்தன. அம்மக்களுக்கு உறவான மற்றொரு கூட்டத்தைச் சேர்ந்த சிறுவன் ஒருவனின் எலும்புகள், பைக்கால் ஏரிக்கு அருகே மால்த்தா என்னும் ஊரில் முன்னரே அகழ்ந்தெடுக்கப்பட்டு, லெனின்கிராடு என அப்போது வழங்கிய நகரின் ஹெர்மிட்டேஜ் அருங்காட்சியகத்தில் பல்லாண்டுகள் கிடந்தன. அவன் 24,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவன். 2013இல் அவனது மரபணுத் தொகுதி வெளியிடப்பட்டபோது எவரும் எதிர்பாராத ஒன்று தெரியவந்தது. அவன் கூட்டத்தார் இன்றைய ஐரோப்பியருக்கும் முன்னோர்; அமெரிக்க முதற்குடிகளுக்கும் முன்னோர். அம்முதற்குடிகளின் மரபில் 14 முதல் 38 விழுக்காடு அவர்களிடமிருந்து வந்ததென அவ்வாய்வு கணக்கிட்டது. எஞ்சிய பெரும்பகுதி கிழக்காசிய மக்களோடு பொதுவான மூதாதையரிடமிருந்து வந்தது. மண்டையோட்டை அளந்து இனங்களைப் பிரித்த மார்ட்டனின் மாணாக்கர் எவரேனும் இன்று இருப்பின், ஐரோப்பியனும் அமெரிக்க முதற்குடியும் பைக்கால் கரையில் ஒரே குடும்பத்தாராய் நிற்பதைக் கண்டு யாது கூறுவரோ, அறியோம்.

அடைபட்ட வாயில்

இவ்விரு மரபினரும் கலந்தது 25,000 முதல் 20,000 ஆண்டுகளுக்கு முன்னர். கலந்தோர் உடனே தென்திசை சென்றுவிடவில்லை. தாய்வழியாக மட்டும் வரும் மரபணுக்களை ஆராய்ந்தோர் 2007இல் ஓர் உண்மையை எடுத்துரைத்தனர். அமெரிக்க முதற்குடிகள் அனைவரிடமும், அலாஸ்கா முதல் தென்முனை வரை, ஆசியாவில் எங்கும் காணப்படாத சில மாறுதல்கள் பொதுவாக உள்ளன. இம்மாறுதல்கள் தோன்றி நிலைபெற வேண்டுமாயின், அவர்தம் முன்னோர் ஆசிய உறவினரிடமிருந்து பிரிந்து, எங்கோ ஓரிடத்தில் பல்லாயிரம் ஆண்டுகள் தனித்து வாழ்ந்திருத்தல் வேண்டும். அவ்விடம் பெரிஞ்சியாவே என்பது பலரது கருத்து. முன்னே பனிமதில், பின்னே சைபீரியாவின் உச்சக் குளிர், இடையில் இந்நாடு.

அங்கு எரிப்பதற்கு மரம் ஏது என்று முன்னர்க் கேட்டனர். கடலடியிலிருந்து துளைத்தெடுத்த சேற்றில் குட்டைப் பூர்ச்சம், நாணல்போன்ற வில்லோப் புதர் ஆகியவற்றின் மகரந்தமும், புதர்க்காட்டில் வாழும் வண்டினங்களின் உறுப்புகளும் கிடைத்துள்ளன. சிறிது விறகு கொண்டு மூட்டிவிட்டால், பின்னர்க் கொழுப்புமிக்க விலங்கெலும்பே நின்றெரியும். ஆகவே வாழ இயலாத இடம் அன்று அது. எனினும் அங்கு வாழ்ந்தமைக்குத் தொல்பொருள் சான்று சொற்பமே என்பதையும் சொல்லிவிடவேண்டும். கனடாவின் யூக்கான் பகுதியில் புளூஃபிஷ் குகைகளை 1977 முதல் அகழ்ந்த ழாக் சேன்-மார், 24,000 ஆண்டுப் பழமையைக் கூறினார். ஏறத்தாழ எவரும் அவரை நம்பவில்லை. 2017இல் அவ்வெலும்புகளை மீண்டும் ஆராய்ந்தோர், கற்கருவியால் வெட்டிய தழும்புகள் உள்ளன என்றும், காலமும் அதுவே என்றும் எழுதினர். இன்றும் ஐயுறுவோர் உளர். தேடவேண்டிய நிலத்தின் பெரும்பகுதி கடலின்கீழ்க் கிடக்கும்போது சான்று குறைவாயிருத்தல் வியப்பன்று.

அந்நாட்டின் மக்களைப் பற்றி நாம் மிக நெருங்கி அறிவது ஒரு கல்லறை வாயிலாகத்தான். நடு அலாஸ்காவில் 'அப்வர்டு சன்' என்னும் ஆற்றங்கரைக் களத்தில், பென் பாட்டர் என்பவரின் குழுவினர் 2013இல் ஓர் அடுப்பின் அடியில் இரு பெண் சிசுக்களின் உடல்களைக் கண்டனர். 11,500 ஆண்டுகளுக்கு முன்னர் செங்காவி தூவி, மான்கொம்புத் தண்டுகளும் கல்முனைகளும் உடன்வைத்து அடக்கம் செய்யப்பட்டவர்கள். அவ்வடுப்பின் சாம்பலில் சால்மன் மீன் முட்களும் இருந்தன. அப்பகுதியில் இன்று வாழும் முதற்குடியினர் அக்குழந்தைகளுக்குத் தம் மொழியில் பெயரிட்டனர். ஒருத்தியின் பெயருக்குச் சூரியோதயப் பெண் குழந்தை என்று பொருள், மற்றவளுடையதற்கு வைகறைப் பெண் குழந்தை என்று பொருள். 2018இல் வெளியான மரபணு ஆய்வு, மூத்தவள் இதுவரை அறியப்படாத ஒரு கிளையைச் சேர்ந்தவள் என்று காட்டிற்று. தெற்கே சென்ற கூட்டத்தார் பிரிந்துபோன பின்னரும், பல்லாயிரம் ஆண்டுகள் வடக்கிலேயே தங்கிவிட்ட மக்களின் மகள் அவள்.

இங்கே நம் பிரசங்கிமாருக்கு ஒரு சொல். இக்குடியேற்றத்தை இஸ்ரவேலர் செங்கடலைக் கடந்த நிகழ்ச்சியோடு ஒப்பிட்டுப் பேசுதல் கேட்க இனிதாயிருக்கும். ஆயினும் அது பொருந்தாது. இவர்களுக்கு வாக்களிக்கப்பட்ட தேசம் ஒன்று கண்முன் இல்லை. ஒரு கண்டத்தை விட்டு மற்றொரு கண்டத்துக்குச் செல்கிறோம் என்று அவர்களுள் எவரும் எண்ணியிருக்கமாட்டார். தந்தை வேட்டையாடிய பள்ளத்தாக்கைத் தாண்டி மகன் அடுத்த பள்ளத்தாக்கில் வேட்டையாடினான். நூற்றுக்கணக்கான தலைமுறைகளுக்குப் பின்னர் வந்த நாம்தான் அதற்கு 'இடப்பெயர்ச்சி' என்று பெயரிடுகிறோம்.

தெற்கே சென்ற வழி

தென்வழி எப்போது திறந்தது என்பதைப் பற்றிய கதையைச் சுருங்கக் கூறுவோம். நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் ஃபால்சம் என்னும் ஊரருகே 1908இல் பெருவெள்ளம் வந்து ஓடைக்கரையை அறுத்தது. அடிமையாய்ப் பிறந்து, விடுதலை பெற்று, மாட்டுப்பண்ணையில் தலைமைப் பணியாளராய் உயர்ந்த ஜார்ஜ் மெக்ஜங்கின் என்னும் கறுப்பின மனிதர், அங்கே வெளிப்பட்ட பெரிய எலும்புகள் சாதாரண மாட்டெலும்புகள் அல்ல என்று உணர்ந்து, அறிந்தோரிடம் பலமுறை எடுத்துச் சொன்னார். எவரும் வந்து பாராமலே 1922இல் அவர் மறைந்தார். 1927இல் அதே இடத்தில், அழிந்துபோன காட்டெருமை இனம் ஒன்றின் விலா எலும்புகளுக்கிடையே கல்முனை பதிந்திருப்பதை ஆய்வாளர் நேரிற் கண்டனர். அமெரிக்காவில் மனிதன் பனியுகத்திலேயே இருந்தான் என்பது அன்றுதான் உறுதியாயிற்று. அடுத்த சில ஆண்டுகளில், அதே மாநிலத்தின் குளோவிஸ் என்னும் ஊரருகே அதனினும் பழைய கல்முனைகள் கிடைத்தன. 1949இல் வில்லார்டு லிபி கதிரியக்கக் கரிமத்தால் காலம் கணிக்கும் முறையை வகுத்தார். இறந்த உயிரின் உடலிலுள்ள அக்கரிமம் 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறைகிறது. எஞ்சியதை அளந்தால் இறந்த காலம் தெரியும். இம்முறைப்படி குளோவிஸ் கருவிகளின் காலம் ஏறத்தாழ 13,000 ஆண்டுகள்.

இரு பனிப்பாளங்களும் உருகி விலகியபோது இடையில் தோன்றிய நெடிய இடைவழியாகக் குளோவிஸ் மக்கள் இறங்கிவந்தனர், அவர்களே முதல் அமெரிக்கர் என்று ஆய்வாளர் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் போதித்தனர். அழகான கதை, ஆனால் நிலைக்கவில்லை. தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் மோந்தே வெர்தே என்னும் இடத்தை 1977 முதல் அகழ்ந்த டாம் டில்லஹே, அது 14,500 ஆண்டுகள் பழமையானது என்றார். 1997இல் முதுபெரும் ஆய்வாளர் குழுவொன்று நேரிற்சென்று கண்டு அதனை ஒப்புக்கொண்டது. அங்கு உண்ணப்பட்டவற்றுள் காட்டு உருளைக்கிழங்கும் கடற்பாசியும் இருந்தன. அதன் காலத்தைக் குறித்த வாதம் முற்றும் ஓயவில்லை எனினும், பழைய கோட்பாட்டின் பிடி அன்றே தளர்ந்துவிட்டது. பனி இடைவழியோ ஏறத்தாழ 13,800 ஆண்டுகளுக்கு முன்னர்தான் முற்றிலும் திறந்தது. அதன்பின்னும், ஏரிச் சேற்றிலுள்ள மரபணுத் துணுக்குகளை ஆராய்ந்து 2016இல் வெளியிட்டோர், அவ்வழியின் நடுப்பகுதியில் புல்லும் விலங்கும் பெருகியது 12,600 ஆண்டுகளுக்கு முன்னரே என்றனர். வழி திறக்குமுன் வழிப்போக்கர் போய்ச் சேர்ந்திருக்கின்றனர்!

ஆகவே பலரும் இன்று பசிபிக் கடற்கரையை நோக்குகின்றனர். கரையோரப் பனி முன்னதாகவே, 17,000 முதல் 16,000 ஆண்டுகளுக்கு முன்னர், விலகத் தொடங்கிற்று. ஜப்பான் தொடங்கி அமெரிக்கக் கரை நெடுகிலும் கடலுக்கடியில் காடுபோல் வளரும் பெரும்பாசி உண்டு. அதனிடையே மீனும் கிளிஞ்சலும் கடல்நாயும் மிகுதி. அதனை ஒட்டிச் சிறு படகுகளில் வந்தோர்க்கு உணவுக்குக் குறைவிராது என்று 2007இல் ஜான் எர்லண்ட்சன் முதலியோர் எடுத்துக்காட்டினர். கலிபோர்னியாவை அடுத்த சாந்தா ரோசா தீவில் 1959இல் கிடைத்த மனித எலும்புகள் ஏறத்தாழ 13,000 ஆண்டுப் பழமையானவை. அத்தீவு பனியுகத்திலும் கரையோடு இணையவில்லை. எனவே படகின்றி அங்கு எவரும் போயிருக்க இயலாது. கனடாவின் கால்வெர்ட் தீவுக் கரையிலும் அதே பழமையுடைய 29 காலடித் தடங்கள் 2018இல் வெளியிடப்பட்டன. அவற்றுள் குழந்தையின் தடமும் உண்டு.

இதற்குள் மற்றொரு செய்தி கணக்கையெல்லாம் கலைத்துவிட்டது. நியூ மெக்ஸிகோவின் ஒயிட் சாண்ட்ஸ் என்னும் வெண்மணல் வெளியில், வற்றிப்போன ஏரிக்கரையின் களிமண்ணில் பதிந்த மனிதத் தடங்கள் 23,000 முதல் 21,000 ஆண்டுகள் பழமையானவை என்று 2021இல் அறிவித்தனர். நீர்ச்செடியின் விதைகளைக் கொண்டு செய்த கணிப்பு என்பதால், நீரில் கரைந்திருந்த பழைய கரிமம் கணக்கைக் கெடுத்திருக்கும் என்று பலர் மறுத்தனர். 2023இல் நிலத்து மரங்களின் மகரந்தத்தையும் மணற்பரலையும், 2025இல் ஏரிச் சேற்றையும் கொண்டு கணித்தபோதும் அதே காலம் கிடைத்தது. அஃது உண்மையெனின், பனிமதில் எழுந்து நின்ற காலத்திலேயே அதன் தென்புறத்தில் மக்கள் இருந்தனர். மதில் அடைபடுமுன் கடந்தார்களோ, கடலோரமாய் வந்தார்களோ, இன்றைய முதற்குடிகளுக்கு இவர்கள் முன்னோரோ என்பவை தீர்வு காணாத வினாக்கள். அத்தடங்களுள் பெரும்பாலானவை சிறுவர் சிறுமியருடையவை என்பது மட்டும் தெளிவு.

தென்முனை வரை மக்கள் பரவியபின்னும் வடதுருவக் கடற்கரை நெடுங்காலம் வெறுமையாய்க் கிடந்தது. அங்குக் குடியேறியோர் ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன்னர் சைபீரியாவிலிருந்து வந்த மற்றொரு கூட்டத்தார். கிரீன்லாந்தில் கிடைத்த, அவர்களுள் ஒருவரது 4,000 ஆண்டுப் பழமையான தலைமயிரிலிருந்தே 2010இல் பண்டை மனிதன் ஒருவனின் மரபணுத் தொகுதி முதன்முதலாக வெளியிடப்பட்டது. இன்றைய இனுயித் மக்களின் முன்னோர் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர்தாம் தோற்படகும் நாய்வண்டியும் கொண்டு அலாஸ்காவிலிருந்து கிழக்கே பரவினர். தரங்கம்பாடிக்கு மிஷனெரிமாரை அனுப்பிய அதே டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடரிக், 1721இல் ஹான்ஸ் எகெதே என்னும் லுத்தரன் போதகரைக் கிரீன்லாந்துக்கு அனுப்பினார். அங்கே குடியேறியிருந்த நார்வே நாட்டாரின் சந்ததியாரைத் தேடிப்போன எகெதே, அவர்களுள் ஒருவரையும் காணவில்லை. இனுயித் மக்களையே கண்டார்.

எலும்புகள் யாருடையவை?

'கடவுள் சிவப்பு நிறத்தவர்' என்று பொருள்படும் தலைப்புடைய நூலை 1973இல் வெளியிட்ட வைன் டெலோரியா, இறையியல் மாணவர் சிலருக்கேனும் அறிமுகமானவர். சூ இனத்தவர், குருமார் குடும்பத்தில் பிறந்து, லுத்தரன் இறையியல் கல்லூரியில் பட்டம் பெற்றவர். அவர் 1995இல் எழுதிய மற்றொரு நூலில் பேரிங் நிலவழிக் கொள்கையையே கடுமையாக மறுத்தார். நீங்களும் வந்தேறிகள், நாங்களும் வந்தேறிகள். முன்பின் என்பதைத் தவிர வேறுபாடில்லை என்று கூறி நிலத்தைப் பறித்ததற்குச் சமாதானம் தேடவே இக்கொள்கை பயன்படுகிறது என்பது அவர் குற்றச்சாட்டு. சான்றுகளை அவர் புறக்கணித்தது சரியன்று. மரபணு ஆய்வு அவர் பக்கம் நிற்கவில்லை. ஆனால் அக்குற்றச்சாட்டு பொய்யன்று. பதினைந்தாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஒரு நிலத்தில் வாழ்ந்து, அதன் ஆறுகளுக்கும் மலைகளுக்கும் பெயரிட்ட மக்களை வந்தேறிகள் எனில், ஆப்பிரிக்காவுக்கு வெளியே வந்தேறி அல்லாதார் எவரும் இலர்.

1996ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இரு இடங்களில் பண்டை மனிதரின் எலும்புகள் கிடைத்தன. ஒன்று, தென்கிழக்கு அலாஸ்காவில் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவின் குகையில். ஏறத்தாழ 10,300 ஆண்டுகள் பழமையானது. கண்டெடுத்தோர் உடனே அப்பகுதி டிலிங்கித் மக்களின் மன்றத்தாரிடம் தெரிவித்தனர். அவர்கள் கூடிப் பேசி ஆய்வுக்கு இசைந்தனர். அவருக்கு 'நமக்கு முன்னே சென்றவர்' என்று பொருள்படும் ஷுகா கா என்னும் பெயரிட்டனர். ஆய்வு முடிந்தபின், 2008இல் அவரைப் பெற்றுச் சடங்குகளோடு அடக்கம் செய்தனர்.

மற்றது வாஷிங்டன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றங்கரையில் கென்னவிக் நகரருகே படகுப் போட்டி காணவந்த மாணவர் கண்டெடுத்தது. ஏறத்தாழ 8,500 ஆண்டுகள் பழமையானது. மண்டையோட்டின் அமைப்பைக் கொண்டு, அவர் முதற்குடிகளைச் சேர்ந்தவர் அல்லர் என்னும் பேச்சு எழுந்தது. 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எலும்புகளைத் தமக்கே தரவேண்டும் என்று அப்பகுதி முதற்குடிகள் ஐவகையார் கேட்டனர். ஆய்வாளர் எண்மர் வழக்குத் தொடுத்தனர். முதற்குடிகளோடு அவருக்கு உறவு உண்டு என்பது மெய்ப்பிக்கப்படவில்லை எனக் கூறி, மேல்முறையீட்டு நீதிமன்றம் 2004இல் ஆய்வாளர் பக்கம் தீர்ப்பளித்தது. மண்டையோட்டை அளந்து உறவை மறுக்கும் பழைய பழக்கம் எவ்வளவு வேரூன்றியது என்பதை இதனால் அறியலாம். மரபணு ஒப்பீட்டுக்குத் தம் இரத்த உறவை அளக்கத்தருமாறு கேட்கப்பட்டபோது, ஐவகையாருள் கொல்வில் குடியினர் மட்டுமே இசைந்தனர்; அளக்கப்பட்டு ஏமாந்த மக்கள் தயங்கியதில் வியப்பில்லை. 2015இல் முடிவு வெளியாயிற்று. உலகின் வேறெந்த மக்களைக் காட்டிலும் அமெரிக்க முதற்குடிகளுக்கே அவர் நெருங்கிய உறவினர். ஒப்பிட்டோருள் கொல்வில் குடியினரும் மிக நெருங்கியோராய் இருந்தனர். முதியோர் சொல்லியதையே ஆய்வுக்கூடம் பத்தொன்பது ஆண்டுகள் கழித்துச் சொல்லிற்று.

இதற்கிடையே, மான்டானா மாநிலத்தில் ஆன்சிக் என்னும் களத்தில் 1968இல் கிடைத்த குளோவிஸ் காலத்துக் குழந்தையின் மரபணுத் தொகுதி 2014 தொடக்கத்தில் வெளிவந்தது. ஏறத்தாழ 12,800 ஆண்டுகளுக்கு முன்னர், இரண்டு வயதும் நிரம்பாத அக்குழந்தையை நூற்றுக்கு மேற்பட்ட கற்கருவிகளோடும் எலும்புத் தண்டுகளோடும் செங்காவியிட்டு அடக்கியிருந்தனர். அவன் கூட்டத்தாரே இன்றைய முதற்குடிகளுள் மிகப் பலர்க்கு முன்னோர் என்று தெரிந்தபின், அதே ஆண்டு ஜூன் 28ஆம் நாள், பல குடிகளின் பெரியோர் கூடி, கண்டெடுத்த இடத்துக்கு அருகிலேயே அவனை மீண்டும் அடக்கம் செய்தனர்.

கென்னவிக் மனிதரின் எலும்புகளைத் திருப்பித்தர 2016 டிசம்பரில் அமெரிக்கப் பேராயம் சட்டம் இயற்றியது. 2017 பிப்ரவரியில் ஐவகையாரும் சியாட்டில் நகர அருங்காட்சியகத்துக்குச் சென்று அவற்றைப் பெற்றுக்கொண்டனர். மறுநாள் விடியற்காலையில் இருநூறுக்கு மேற்பட்டோர் கொலம்பியா சமவெளியில் கூடி, வெளியார்க்கு அறிவிக்கப்படாத ஓரிடத்தில், 'முதியவர்' என்று தாம் அழைத்த அவரை மண்ணில் வைத்தனர்.